மூன்று கேஸ்கட் மாற்றியும் நிற்காத கசிவு

கேள்வி: என்னிடம் 1970ஆம் ஆண்டு செவ்ரோலே செவெல் இருக்கிறது. 350 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்தோம். சிலிண்டர் 0.030 அங்குலம் ஓவர்சைஸ் (அவ்வளவு அகலமாகக் கடைந்தது); பிளாக்கின் மேல்முகத்தில் 0.010, இரண்டு ஹெட்டிலும் 0.015 அங்குலம் ஃபேஸ் செய்திருக்கிறார்கள், அதாவது சீவி மட்டமாக்கியிருக்கிறார்கள். சிலிண்டர்களுக்குக் காற்று-பெட்ரோல் கலவையைப் பிரித்துக் கொடுக்கும் பழைய வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவைத்துவிட்டு அலுமினிய மேனிஃபோல்டு போட்டேன். அன்று முதல் ஐடிலிங் நிலையாக நிற்பதில்லை. வேக்குவம் (மேனிஃபோல்டின் உறிஞ்சுவிசை) 13 அங்குலப் பாதரச அளவைத் தாண்டவில்லை. வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் நீலப் புகை வருகிறது. 5, 7ஆம் சிலிண்டர் பிளக்குகள் எண்ணெயில் நனைந்திருக்கின்றன. முன்பக்க மூலையில் கூலன்ட் ஈரமும் உண்டு. செட்டில் வந்த ரப்பர் சீலையும் போட்டு, சிலிகானையும் தாராளமாகத் தடவி, மூன்று முறை கேஸ்கட் மாற்றிவிட்டேன். கீழ் வரிசையில் மூன்று போல்ட்களை நெம்பிப் பிடித்துத்தான் மரையில் ஏற்ற முடிந்தது. வேலை செய்த இடத்தில் 'பிஸ்டன் ரிங் உட்காரவில்லை, மறுபடி பிரிக்க வேண்டும்' என்கிறார்கள். பிரிக்கத்தான் வேண்டுமா? எந்த கேஸ்கட் நல்லது?

– வாசகர், டொராண்டோ

பதில்: எஞ்சினைப் பிரிக்காதீர்கள். நான்காவது கேஸ்கட்டும் இப்போது வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி வேக்குவமோ புகையோ அல்ல; மூன்று போல்ட்களை நெம்பி ஏற்றினேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மேனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் நேருக்கு நேர் இல்லை என்று எஞ்சினே சொல்கிறது. அந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கட்டும் நிற்காது.

இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு இரண்டு ஹெட்டுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்கி உட்காருகிறது. அதற்கு அடியில், வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் இருக்கும் நடுப்பள்ளம். அங்கே எப்போதும் எண்ணெய்த் துளிகள் பறந்துகொண்டிருக்கும். அதனால் இன்டேக் போர்ட்டின் (கலவை ஹெட்டுக்குள் போகும் வாயின்) மேல்விளிம்பில் கேஸ்கட் பிடிக்காவிட்டால் வெளிக்காற்று உள்ளே போகும். கீழ்விளிம்பில் பிடிக்காவிட்டால் நடுப்பள்ளத்து எண்ணெய் நேரே சிலிண்டருக்குப் போகும். ஆக்சிலரேட்டரை விடும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் உச்சத்துக்கு ஏறுவதால் நீலப் புகை அப்போதுதான் அதிகம் தெரியும். பலர் இதை ரிங் தேய்மானம் என்றோ வால்வ் கைடு தேய்மானம் என்றோ எண்ணி நல்ல எஞ்சினைத் திரும்பப் பிரிக்கிறார்கள். உங்கள் எஞ்சினில் 5, 7 இரண்டின் இன்டேக் போர்ட்களும் இடது ஹெட்டின் பின்பாதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த இரண்டு பிளக்குகள் மட்டும் நனைவது ரிங் கோளாறைவிட, அந்த இடத்தில் மேனிஃபோல்டு சரியாக உட்காரவில்லை என்பதற்கே அதிகம் பொருந்துகிறது.

கார்புரேட்டர் கிளீனரை மேனிஃபோல்டு ஓரமாக அடித்து, ஆர்.பி.எம். ஏறுகிறதா என்று பார்ப்பது எல்லாரும் செய்யும் சோதனை. அது மேல்விளிம்புக் கசிவை மட்டுமே காட்டும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடித்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. உங்களுக்குத் தேவை கீழ்விளிம்புச் சோதனை. பி.சி.வி. வால்வை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) வால்வ் கவரிலிருந்து உருவிவிட்டு, அதன் குழாயை மேனிஃபோல்டு பக்கம் அடைத்துவிடுங்கள். வால்வ் கவரில் அந்த வால்வு இருந்த துளையையும், காற்று மூச்சுவிடும் மற்றத் துளையையும் அடையுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் டிப்ஸ்டிக் இறுக்கமாக இருக்கட்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை மாட்டி, எஞ்சினை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். ஆரோக்கியமான எஞ்சினில் ரிங்கைத் தாண்டிவரும் வாயுவால் கையுறை மெதுவாக உப்பும். உள்ளே இழுத்துக்கொண்டால் நடுப்பள்ளத்திலிருந்து இன்டேக் உறிஞ்சுகிறது என்று பொருள். அதற்குமேல் சாட்சி வேண்டாம். ஒரு நிமிடத்துக்குமேல் இப்படி ஓட்டாதீர்கள், சீல்கள் தாங்காது.

மேனிஃபோல்டைத் தொடுவதற்கு முன் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, டர்போ 350 கியர்பாக்ஸின் வேக்குவம் மாடுலேட்டர், அதாவது மேனிஃபோல்டு வேக்குவத்தை வைத்து கியர் மாற்றத்தைச் சரிக்கட்டும் உறுப்பு. அதன் டயஃப்ரம் கிழிந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயை இன்டேக் இழுத்துக் குடிக்கும். புகையும் வரும், ஐடிலிங்கும் கெடும். மாடுலேட்டரிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருந்தால் மாடுலேட்டரை மாற்ற வேண்டும். இரண்டாவது, கேம்ஷாஃப்ட். கம்பெனி கேம் என்றால் சூடான ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வேக்குவம் வர வேண்டும். ரீபில்டின்போது ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான பெரிய கேம் போட்டிருந்தால் 13 அங்குலமே அதன் இயல்பாக இருக்கலாம். அப்போது அந்த எண்ணை மட்டும் வைத்துக் கசிவு என்று முடிவுகட்ட முடியாது. கேமோடு வந்த அட்டையைத் தேடி எடுத்துவையுங்கள்.

இனி கணக்கு. பிளாக்கின் மேல்முகத்தைக் குறைத்தாலும் ஹெட்டைக் குறைத்தாலும் விளைவு ஒன்றுதான்: ஹெட் கீழே இறங்கி நடுப்பக்கமாக நகர்கிறது. உங்களுக்கு மொத்தம் 0.025 அங்குலம். இந்த எஞ்சின் குடும்பத்துக்கு மெஷின் ஷாப்கள் வைத்திருக்கும் விகிதம் இது: ஒவ்வொரு 0.010 அங்குலத்துக்கும் மேனிஃபோல்டின் பக்கவாட்டு முகங்களில் தலா 0.0123 அங்குலமும், முன்பின் அடிவிளிம்பில் 0.0171 அங்குலமும் குறைக்க வேண்டும். உங்கள் 0.025க்குப் பக்கமுகத்தில் சுமார் 0.031, அடியில் சுமார் 0.043 அங்குலம். இதைச் செய்யாமல் மாட்டினால் மேனிஃபோல்டின் போர்ட்களும் போல்ட் துளைகளும் ஹெட்டில் உள்ளவற்றைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும்.

அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தெரியலாம். ஆனால் போல்ட் துளையின் சுவரில் உரசிக்கொண்டு சாய்ந்து இறங்கும்போது, டார்க் ரெஞ்ச் காட்டும் இறுக்கத்தில் ஒரு பங்கு அந்த உரசலிலேயே போய்விடுகிறது. ரெஞ்ச் 'கிளிக்' சொல்லும், கேஸ்கட் மட்டும் நசுங்கியிருக்காது. அதோடு மேனிஃபோல்டு மேலே நிற்பதால், போர்ட்டுக்குக் கீழே கேஸ்கட் பிடிக்க வேண்டிய பட்டை அந்த அளவுக்குக் குறுகிவிடுகிறது. எண்ணெய் நுழைவது அந்த வழியாகத்தான்.

நீங்கள் போட்ட ரப்பர் சீல் இதை இன்னும் மோசமாக்கியிருக்கும். பிளாக்கின் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் மேலே மேனிஃபோல்டின் அடிவிளிம்பு விடும் இடைவெளிக்கென்று செய்த கெட்டியான ரப்பர் அது. ஃபேஸ் செய்த எஞ்சினில் அந்த இடைவெளி சுருங்குகிறது; ரப்பர் அதே தடிமனில் இருக்கிறது. விளைவு, மேனிஃபோல்டு ரப்பர்மேல் உட்கார்ந்துகொண்டு ஹெட் முகத்தை முழுதாக அழுத்தாமல் நிற்கிறது. ரப்பருக்குமேல் சிலிகானும் தடவினால் வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். பின்பக்கம் அப்படிப் பிதுங்கி எண்ணெய் வழிந்தால், அது கியர்பாக்ஸ் வாயில் இறங்கி கிராங்க்ஷாஃப்ட் பின்சீல் போய்விட்டது போலத் தோற்றம் காட்டும். செட்டில் வந்த அந்த இரண்டு ரப்பரையும் தூக்கிப் போடுங்கள்.

கழற்றும் முறையில் அவசரம் வேண்டாம். கூலன்டை ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் இரு பக்கமும் உள்ள வடிகால் பிளக்கையும் திறந்து விடுங்கள். இல்லையென்றால் மேனிஃபோல்டைத் தூக்கும் நொடியில் மிச்சக் கூலன்ட் நடுப்பள்ளத்தில் கொட்டி எண்ணெயோடு கலக்கும். ஒன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் டி.டி.சி.க்கு (பிஸ்டன் கலவையை அழுத்தி உச்சியில் நிற்கும் நிலைக்கு) கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் எங்கே பார்க்கிறது என்றும், அதன் உடல் எந்தத் திசையில் நிற்கிறது என்றும் குறியிட்டு, ஒரு படமும் எடுத்துக்கொண்டு உருவுங்கள். பிறகு கிராங்கைத் திருப்பவே கூடாது. திரும்ப இறக்கும்போது கடைசி அரை அங்குலம் இறங்காமல் நின்றால், ஆயில் பம்ப் தண்டின் நுனி பொருந்தவில்லை என்று அர்த்தம். நீளமான ஸ்குரூடிரைவரால் அந்தத் தண்டை லேசாகத் திருப்பிவிட்டு இறக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை போல்ட் போட்டு இழுத்து இறக்க முயன்றால் உடையும்.

கழன்று வந்த பழைய கேஸ்கட்டைக் குப்பையில் போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்துப் படியுங்கள். நன்றாக நசுங்கிய இடம் மழமழவென்று பதிந்திருக்கும். நசுங்காத இடம் புதிது போலவே இருக்கும், அல்லது எண்ணெய்க் கறுப்பு ஓடியிருக்கும். மேல்விளிம்பு முழுக்கப் பதிந்து கீழ்விளிம்பு பதியாமல் இருந்தால் கோணக் கோளாறு. மேலும் கீழும் ஒரே அளவில் அரைகுறையாகப் பதிந்திருந்தால், மேனிஃபோல்டு எதிலோ முட்டி நிற்கிறது அல்லது போல்ட் பிடிக்கவில்லை. இந்த வேறுபாடு முக்கியம். பிளாக்கையும் ஹெட்டையும் சீராக ஃபேஸ் செய்திருந்தால் இன்டேக் முகத்தின் கோணம் மாறாது, இடம் மட்டும்தான் மாறும். கோணமே மாறியிருந்தால் ஹெட்டையோ பிளாக்கையோ சாய்வாக வெட்டியிருக்கிறார்கள், அல்லது மேனிஃபோல்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது சுத்தம் செய்வது. நடுப்பள்ளத்திலும் எட்டு போர்ட்டிலும் துணியை அடைத்துவிட்டு, அலுமினியத்தில் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் வார்ப்பிரும்பில் பழைய பிளேடும் வைத்துச் சுரண்டுங்கள். டிரில்லில் மாட்டும் உராய்வு டிஸ்க்கைக் கையிலெடுக்காதீர்கள். அதிலிருந்து உதிரும் பொடி எண்ணெயில் கலந்து பேரிங்கை அரித்துவிடும். புது எஞ்சின் சில நாளிலேயே ஆயில் பிரஷர் இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுரண்டி முடித்ததும் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீல் ஸ்கேலை மேனிஃபோல்டு முகத்தில் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் 0.004 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். எங்கேனும் நுழைந்தால் அந்த முகத்தை மெஷின் ஷாப்பில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு வெறும் மேனிஃபோல்டை, கேஸ்கட் இல்லாமல், சிலிகான் இல்லாமல், அதன் இடத்தில் இறக்குங்கள். முதலில் முன்சுவரும் பின்சுவரும் அடிவிளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள்; முட்டினால் இந்த அளவீடு செல்லாது, கேஸ்கட்டை வைத்து எடுக்க வேண்டும். முட்டவில்லை என்றால் ஒவ்வொரு பக்கமும் முன்மூலை, பின்மூலை இரண்டிலும், மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஃபீலர் கேஜை நுழைத்து எட்டு அளவும் எழுதுங்கள். மேலுக்கும் கீழுக்கும் 0.005 அங்குலத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் கேஸ்கட்டால் சரிக்கட்ட முடியாது என்பது என் கணிப்பு. இதைத் தாண்டினால் நான் மாட்ட மாட்டேன். அடுத்து கேஸ்கட்டை வைத்து மேனிஃபோல்டை இறக்கி, பன்னிரண்டு போல்ட்டையும் விரலாலேயே மரையில் ஏற்றிப் பாருங்கள். அவ்வளவும் விரலால் இறங்க வேண்டும்.

இன்னொரு வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. ரீபில்டில் உங்கள் பழைய ஹெட்டையேதான் மறுபடி மாட்டினார்களா? வால்வ் கவரைப் பாருங்கள். அதன் போல்ட்கள் நான்கு ஓரங்களில் இருந்தால் பழைய ஹெட். நடுவரிசையாக மேலிருந்து கீழே போனால் 1987 முதல் வந்த ஹெட். அந்த வார்ப்பிரும்பு ஹெட்களில் ஒவ்வொரு பக்கமும் நடுவிலுள்ள இரண்டு இன்டேக் போல்ட்களின் கோணமே வேறு. பழைய வடிவ மேனிஃபோல்டில் அந்த போல்ட்கள் நேராக உட்காரவே உட்காராது. நெம்பினால் மரை கெடும். அப்படி இருந்தால் அந்த ஹெட்டுக்கென்று துளையிட்ட மேனிஃபோல்டு வாங்குவதுதான் வழி.

ஹெட் பழையதுதான், கோணம் சரி, துளைகள் மட்டும் மேலே நிற்கின்றன என்றால் இரண்டு வழிகள். முதல் வழி, மேனிஃபோல்டின் இரு பக்கமுகத்திலும் தலா 0.031 அங்குலம் மில்லிங் செய்து, வழக்கமான 0.060 அங்குல கேஸ்கட்டையே போடுவது. ஹெட்டைக் கழற்றாமல் செய்யக்கூடிய நிரந்தரமான தீர்வு இதுதான். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் உங்கள் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை அந்த மெஷினில் ஏற்றிவிடாதீர்கள். காரோடு பிறந்த பாகம் அது, வெட்டினால் வேறு எஞ்சினுக்குப் பொருந்தாது. வெட்டுவது புது அலுமினியத்தை மட்டும். இரண்டாவது வழி, 0.030 அங்குலத் தடிமனுள்ள மெல்லிய கேஸ்கட். 0.060லிருந்து 0.030க்கு வந்தால் ஒவ்வொரு பக்கமும் குறையும் தடிமன், பக்கமுகத்தில் வெட்ட வேண்டிய 0.031க்கு ஏறக்குறைய சமம். மில்லிங் செலவு மிச்சம். ஆனால் மெல்லிய கேஸ்கட் முகத்தின் மேடுபள்ளத்தை மன்னிக்காது; ஸ்கேல் சோதனையில் இரண்டு முகமும் சுத்தமாகத் தேறியிருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள். கசிகிறதே என்று இன்னும் தடித்த கேஸ்கட் போடும் பழக்கம் உண்டு. உங்கள் எஞ்சினில் அது மேனிஃபோல்டை இன்னும் மேலே தூக்கும்.

கேஸ்கட்டின் போர்ட் அளவு ஹெட்டின் போர்ட்டைவிட மிகப் பெரிதாக இருக்கக் கூடாது. பலர் கைக்குக் கிடைத்த ஃபெல்-ப்ரோ 1205ஐப் போடுகிறார்கள். அதன் துளை 1.28க்கு 2.09 அங்குலம். போர்ட்டிங் செய்யாத (போர்ட்களைக் குடைந்து பெரிதாக்காத) கம்பெனி ஹெட்டில் அது கீழ்விளிம்புப் பட்டையை வீணாகக் குறைக்கும். கேஸ்கட்டை ஹெட்டில் வைத்துப் பார்த்து, போர்ட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் போதிய இரும்பு தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

நடுவிலுள்ள எக்ஸாஸ்ட் வழியை அடைக்கும் தகடு சில செட்களில் வரும். உங்கள் பழைய குவாட்ராஜெட் கார்புரேட்டரே இருந்தால் அதன் சோக் சுருள் மேனிஃபோல்டில் அந்த எக்ஸாஸ்ட் சூட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. அடைத்தால் சோக் திறக்காது. எலக்ட்ரிக் சோக் மாற்றியிருந்தால் அடைக்கலாம்.

மாட்டும்போது சிலிகானுக்கு இரண்டே இரண்டு வேலைதான். ஒன்று, ஹெட்களின் முன்முனையிலும் பின்முனையிலும் உள்ள நான்கு கூலன்ட் துளைகளைச் சுற்றி, கேஸ்கட்டின் இரு முகத்திலும் மெல்லிய பூச்சு. பின்னால் உள்ள இரண்டில் கூலன்ட் ஓட்டம் இல்லாவிட்டாலும் அழுத்தம் உண்டு, விட்டுவிடாதீர்கள். கேஸ்கட்டிலேயே சிலிகான் கோடு அச்சிட்டு வந்திருந்தால் அதன்மேல் எதுவும் தடவ வேண்டாம். இரண்டு, ரப்பர் சீல் இருந்த முன்சுவரிலும் பின்சுவரிலும் 6 மி.மீ. தடிமனில் ஒரே கோடு. முனையில் நிறுத்தாமல் நான்கு மூலையிலும் கேஸ்கட்டின் மேல் அரை அங்குலம் ஏற்றிவிடுங்கள். இன்டேக் போர்ட்டைச் சுற்றி சிலிகான் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பட்டால் அது ஊறி வழுக்கும். கேஸ்கட் உள்நோக்கி நழுவும். தாராளமாகத் தடவினேன் என்கிறீர்கள். உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் துண்டுகள் உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடையும். நடுப்பள்ளத்தில் எட்டியவற்றையெல்லாம் இப்போதே பொறுக்கி எடுங்கள்.

கேஸ்கட்டை ஹெட் பக்கம் கேஸ்கட் பசை தொட்டு ஒட்டி நிறுத்துங்கள். எதிரெதிர் மூலைகளில் தலை வெட்டிய 3/8 அங்குல, அங்குலத்துக்கு 16 மரையுள்ள நீளமான போல்ட் இரண்டை வழிகாட்டியாக நட்டு, அவற்றின் வழியே மேனிஃபோல்டை நேர்க்குத்தாக இறக்குங்கள். வைத்த பிறகு முன்னும் பின்னும் நகர்த்தினால் சிலிகான் கோடு அறுந்துவிடும். அப்படி ஆனால் தூக்கித் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே மேல். கனமான மேனிஃபோல்டு என்றால் இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போல்ட் மரையில் சீலன்ட் தடவுங்கள். சில துளைகள் உள்ளே எண்ணெய்ப் பகுதிக்குத் திறந்தவை, மரை வழியாகவே எண்ணெய் ஏறும். அலுமினியத்தில் ஒவ்வொரு போல்ட் தலைக்கும் கெட்டி வாஷர் வேண்டும். வாஷருக்கும் தலைக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய். போல்ட் நீளம் அதிகமாகி அடியில் முட்டுகிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். முட்டினாலும் டார்க் ரெஞ்ச் பொய்தான் சொல்லும். நடுவிலிருந்து தொடங்கி இடம் வலமாகக் குறுக்கே மாற்றிமாற்றி வெளிப்பக்கம் போங்கள். முதல் சுற்று 10 பவுண்டு-அடி, இரண்டாவது 18, மூன்றாவது 25, அதாவது 34 நியூட்டன் மீட்டர். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு 30 வரை போகலாம். 25லேயே மறுபடி ஒரு சுற்று வாருங்கள். ஒன்றை இறுக்கும்போது பக்கத்துப் போல்ட் தளர்ந்திருக்கும்.

சிலிகான் உலர ஒரு முழு இரவும் பகலும் கொடுங்கள். பிறகு கூலன்ட் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பாமலே, பிரஷர் டெஸ்டர் வைத்து ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி, பதினைந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்றும் நான்கு மூலையும் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டிப்ஸ்டிக்கில் பால்நிறம் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். இக்னிஷன் டைமிங்கை டைமிங் லைட் வைத்துச் சரிசெய்த பிறகே வேக்குவத்தை அளக்க வேண்டும், ஏனென்றால் டைமிங் பின்தங்கினாலும் முள் அசையாமல் கீழேதான் நிற்கும். எஞ்சின் ஒருமுறை முழுச் சூடாகி, முழுதாக ஆறிய பிறகு 25 பவுண்டு-அடியில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அலுமினிய மேனிஃபோல்டில் சில போல்ட்கள் கொஞ்சம் திரும்பும்.

கடைசியாகக் கையுறைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கையுறை உப்பி நின்று, அப்படியும் 5, 7 பிளக்குகள் நனைந்தால், அந்த ஹெட்டின் வால்வ் ஸ்டெம் சீல்களைப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கவைத்து மாற்றிவிடலாம். அதுவும் சரியாக இருந்தால், சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளக்கும் லீக்-டவுன் சோதனை செய்து, காற்று எண்ணெய் வாய் வழியாக எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்த பிறகு ரிங்கைப் பற்றிப் பேசலாம்.